முழுநேர வேலைக்கு அழைப்பு வந்தால்: கையில் இருக்கும் பகுதிநேர வேலைகளோடு எடைபோடும் முறை

இராமநாதபுரம் கடற்கரையில் ஒரே வேலையை நம்பி நடக்கும் வீடுகள் குறைவு. வடக்கே தொண்டி, தேவிபட்டினம் முதல் மண்டபம், பாம்பன், இராமேசுவரம் வரையிலும், தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், சாயல்குடி வரையிலும் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், காலையில் மீன் கம்பெனியில் கணக்கு எழுதி, மாலையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து, இடைப்பட்ட நேரத்தில் தையல் இயந்திரத்தின் முன் உட்காருகிற ஒருவரையாவது பார்க்கலாம். கடல்பாசி வளர்க்கும் மிதவையாகிய தெப்பத்தைப் பராமரித்துக்கொண்டே, பக்தர்கள் கூடும் நாட்களில் தங்கும் விடுதியில் வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. இப்படி இரண்டு மூன்று வேலைகளைச் சேர்த்துக் குடும்பம் நடத்தும் ஒருவருக்கு மாதச் சம்பளத்தில் முழுநேர வேலை கிடைக்கும்போது, வீட்டில் பெரும்பாலும் ஒரே நாளில் முடிவெடுத்து விடுகிறார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்பதற்காக எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இருப்பதை விட்டுவிட்டால் திரும்பக் கிடைக்காது என்ற அச்சத்தில் நல்ல வேலையைத் தட்டிக் கழிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பாருமே கணக்குப் போடாமல் முடிவெடுக்கிறார்கள் என்பதே என் வருத்தம்.

கணக்கு என்று நான் சொல்வது இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதலாவது, வருமானத்தை மாதத்துக்கு எவ்வளவு என்று பார்க்காமல் ஓர் ஆண்டு முழுவதற்கும் எவ்வளவு என்று பார்ப்பது. இரண்டாவது, ஒவ்வொரு பகுதிநேர வேலையையும் இன்று விட்டுவிட்டால் பின்னாளில் அதற்குத் திரும்ப முடியுமா என்று தனித்தனியாகக் கேட்டுக்கொள்வது. இந்த இரண்டையும் தாளில் எழுதி முடிக்கும்வரை, வேலை தருவதாகச் சொன்ன நிறுவனத்துக்கு ஒப்புதல் சொல்ல வேண்டாம். ஒரு வாரம் அவகாசம் கேட்பதில் தவறில்லை. முறையான நிறுவனங்கள் பெரும்பாலும் கொடுக்கவே செய்யும்.

பன்னிரண்டு மாதக் கணக்கு

ஒரு தாளில் சித்திரை முதல் பங்குனி வரையோ, ஜனவரி முதல் டிசம்பர் வரையோ, உங்களுக்குப் பழக்கமான முறையில் பன்னிரண்டு கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேலையும் எந்த மாதத்தில் எவ்வளவு தரும், எந்த மாதத்தில் ஒன்றும் தராது என்பதை அதில் நிரப்ப வேண்டும். கடந்த மாதம் கையில் வந்த தொகையைப் பன்னிரண்டால் பெருக்குவது இந்தக் கரைக்குச் சிறிதும் பொருந்தாது.

ஏனென்றால் இங்கே வருமானம் காற்றுக்கும் சட்டத்துக்கும் ஏற்ப ஏறி இறங்குகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்த இரண்டு மாதங்களில் விசைப்படகு மீனை நம்பிய ஏலக்கூடம், ஐஸ் கம்பெனி, வலை பழுதுபார்க்கும் இடம், சுமை தூக்கும் வேலை அனைத்திலும் வருமானம் படுத்துவிடும். நாட்டுப்படகுகளுக்கு இந்தத் தடை இல்லை என்பதால், நாட்டுப்படகு மீனை வாங்கும் கம்பெனியில் வேலை செய்பவருக்கு அதே இரண்டு மாதங்கள் நல்ல வரும்படியாக இருக்கக்கூடும். ஆகவே ‘மீன் கம்பெனி வேலை’ என்று பொதுவாக எழுதாமல், எந்தப் படகுகளின் மீன் அங்கே வருகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

காற்றும் இரு கடல்களுக்கு இரு விதமானது. கச்சான் காற்றடிக்கும் வைகாசி முதல் ஆவணி வரை தென்கடலாகிய மன்னார் வளைகுடா கொந்தளிக்கும்; வாடைக்காற்று வீசும் ஐப்பசி முதல் தை வரை வடகடலாகிய பாக் நீரிணைப் பக்கம் கடுமையாக இருக்கும். தெப்பம் கட்டிக் கடல்பாசி வளர்ப்பவர்கள் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 45 நாட்கள் என்று கணக்கிட்டாலும், ஆண்டில் எத்தனை சுற்று உண்மையில் கைக்கு வரும் என்பது அவர்கள் எந்தக் கடலில் தெப்பம் போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இவற்றோடு, புயல் எச்சரிக்கையால் கடலுக்குப் போவதற்கான அனுமதிச் சீட்டாகிய டோக்கன் வழங்கப்படாத நாட்களும், மீனவர்கள் இலங்கைக் கடற்படையால் கைது செய்யப்படுவதை ஒட்டி நடக்கும் வேலைநிறுத்தங்களும் இராமேசுவரம், பாம்பன், மண்டபம் பகுதிகளின் நாட்காட்டியில் வழக்கமாகவே இடம்பிடித்துவிட்டன. அந்த நாட்களுக்கு ஒரு கழிவு போட்டுத்தான் எழுத வேண்டும்.

கடலைச் சாராத வேலைகளுக்கும் பருவம் உண்டு. டியூஷன் ஜூன் மாதத்தில் தொடங்கி, தேர்வோடு முடியும். தையல் தீபாவளி, ரம்ஜான், பொங்கல், கிறிஸ்துமஸ் ஆகியவற்றை ஒட்டியே குவியும். இராமேசுவரத்து விடுதி வேலை, தை அமாவாசை, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை நாட்களிலும், கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வரும் வாரங்களிலும், பள்ளிக் கோடை விடுமுறையிலும் பெருகும். ஏர்வாடியில் சந்தனக்கூடு விழா ஹிஜ்ரி நாட்காட்டிப்படி நடப்பதால், ஆண்டுதோறும் ஆங்கில மாதக் கணக்கில் பத்துப் பதினோரு நாட்கள் முன்னே நகரும் என்பதையும் விடுதி வேலை பார்ப்பவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களில் மழைக்காலத்தில் வேலை இராது.

கணக்கு எப்படி நடக்கும் என்பதைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். இதில் வரும் தொகைகள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் தொகைகளை அவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மண்டபத்தில் வசிக்கும் ஒரு பெண் மூன்று வேலைகள் செய்கிறார். இந்தப் பகுதி விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாட்கள் மட்டுமே தொழிலுக்குப் போவதால், கரை திரும்பும் அந்த மூன்று காலைகளில் அவர் மீன் கம்பெனிக்குப் போய்க் கணக்கு எழுதுகிறார். மாதம் 5,000 ரூபாய், தடைக்காலம் போகப் பத்து மாதங்களுக்கு 50,000. மாலையில் 15 பிள்ளைகளுக்கு டியூஷன்; தலைக்கு 300 வீதம் மாதம் 4,500, பத்து மாதங்களுக்கு 45,000. தையலில் ஆண்டுக்கு 24,000, நூல், ஊசி, மின்சாரச் செலவு 4,000 போக 20,000. ஆக ஆண்டுக்கு 1,15,000. மாதச் சராசரி ஏறக்குறைய 9,580 ரூபாய்.

இவருக்கு இராமநாதபுரத்தில் 14,000 ரூபாய்ச் சம்பளத்தில் முழுநேர வேலை கிடைக்கிறது. அதில் வருங்கால வைப்பு நிதிக்கு 12 விழுக்காடு, அதாவது 1,680, தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு 0.75 விழுக்காடு, அதாவது 105. கையில் வருவது 12,215. 26 நாட்களுக்குப் பேருந்துக் கட்டணம் நாளொன்றுக்கு 60 வீதம் 1,560; மதியம் வெளியே ஆகும் சிறு செலவு 40 வீதம் 1,040. மிச்சம் 9,615 ரூபாய். 14,000 என்று கேட்டபோது மலைப்பாகத் தோன்றிய வேறுபாடு, வீட்டுக்கு வந்து சேரும்போது மாதம் நாற்பது ரூபாய்க்கும் குறைவாகச் சுருங்கிவிடுகிறது.

அப்படியானால் இரண்டும் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிட முடியாது. முழுநேர வேலையில் அவர் கொடுத்த 1,680 அவருடைய சேமிப்பாகவே இருக்கிறது. முதலாளி செலுத்தும் 12 விழுக்காட்டில் 3.67 விழுக்காடு அதே கணக்கில் சேர்கிறது, 8.33 விழுக்காடு ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. வைப்பு நிதியில் மட்டும் மாதம் ஏறக்குறைய 2,194, ஆண்டுக்கு 26,300 ரூபாய் சேரும். அதையும் கூட்டினால் முழுநேர வேலையின் ஆண்டு மதிப்பு 1,41,700 ரூபாயை எட்டும்.

இனி நேரத்தைப் பாருங்கள், ஏனெனில் பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான். எட்டு மணி நேர வேலை, ஒரு மணி நேர உணவு இடைவேளை, மண்டபத்திலிருந்து போய்வர மூன்று மணி நேரம். நாளுக்கு 12 மணி, மாதத்துக்கு 312 மணி, ஆண்டுக்கு 3,744 மணி. பகுதிநேர வேலைகள் மூன்றும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 1,500 மணிதான் கேட்கின்றன: கணக்குக்கு 520, டியூஷனுக்கு 480, தையலுக்கு 500. ஒரு மணி நேர உழைப்புக்குப் பகுதிநேர வேலைகளில் 76 ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது. முழுநேர வேலையில் வைப்பு நிதியைச் சேர்த்தும் 38 ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. எனினும் மீதமிருக்கும் 2,200 மணி நேரத்தை அந்தப் பெண்ணால் மண்டபத்திலேயே 76 ரூபாய்க்கு விற்க முடியுமா என்பதுதான் அடுத்த கேள்வி. முடியாது என்றால் அந்த மணி நேரங்கள் வீட்டில் என்ன வேலை செய்கின்றன என்று பார்க்க வேண்டும். கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் நேரங்கெட்ட நேரத்தில் வரும் தண்ணீரை யார் பிடிப்பார்கள், மாமியாரை மருத்துவமனைக்கு யார் அழைத்துப் போவார்கள், பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு யார் கதவைத் திறப்பார்கள் என்பவை சம்பளப் பட்டியலில் வராத வேலைகள். அவற்றுக்கு மாற்று ஆள் இல்லையென்றால், அந்தச் செலவும் முழுநேர வேலையின் கணக்கில்தான் சேரும்.

போக்குவரத்துச் செலவை எழுதும்போது கவனம் தேவை. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில்தான். இராமேசுவரம் – இராமநாதபுரம் சாலையில் நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் வருவது அந்தப் பேருந்தா, புறநகர்ப் பேருந்தா என்று ஒரு வாரம் நின்று பார்த்துவிட்டு எழுதுங்கள். 2022 டிசம்பரில் நின்றுபோன இராமேசுவரம் ரயில் போக்குவரத்து, புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட பிறகு மீண்டும் நடக்கிறது. ரயில் நேரம் உங்கள் வேலை நேரத்துக்கு ஒத்துவந்தால், மாத சீசன் டிக்கெட் பேருந்துச் செலவைப் பெருமளவு குறைத்துவிடும்.

வேலைக் கடிதத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

மேலே போட்ட கணக்கு முழுவதும் வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும் உண்டு என்ற நம்பிக்கையில் நிற்கிறது. அவை இல்லாத இடத்தில் அதே 14,000 ரூபாயைப் ‘பிடித்தமில்லாச் சம்பளம்’ என்று கவர்ச்சியாகச் சொல்வார்கள். என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: நாள் முழுவதையும் எடுத்துக்கொண்டு, நோயில் படுத்தால் ஒன்றும் தராத வேலையை நான் முழுநேர வேலையாகக் கணக்கில் எடுப்பதில்லை. அது நீண்ட நேரக் கூலி வேலை. அதற்காகக் கையில் இருக்கும் மூன்று வருமானங்களை விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் வைப்பு நிதித் திட்டத்துக்குள் வரும், இ.எஸ்.ஐ. நடைமுறையில் உள்ள பகுதிகளில் 10 பேரோ அதற்கு மேலோ இருந்தாலே அந்தத் திட்டம் பொருந்தும், மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டாதவர்கள் அதில் காப்பீடு பெறுவார்கள். உங்கள் பங்கு 0.75 விழுக்காடு, முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு. சேர்ந்த நாள் முதல் உங்களுக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ உதவி உண்டு. நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 விழுக்காட்டை ஆண்டுக்கு 91 நாட்கள் வரை பெறலாம், ஆனால் அதற்கு ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்காவது பங்களிப்புச் செலுத்தியிருக்க வேண்டும். மகப்பேறுக்கு 26 வாரங்கள். இவை எல்லாம் தாளில் நன்றாக இருக்கின்றன. உங்கள் ஊரிலிருந்து எட்டக்கூடிய இ.எஸ்.ஐ. மருந்தகம் எங்கே இருக்கிறது, அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்று ஏற்கெனவே அங்கே வேலை செய்பவரிடம் கேட்டுவிட்டு மதிப்புப் போடுங்கள்.

பேசிய சம்பளத்துக்குள் முதலாளியின் பங்கும் அடக்கமா என்று கட்டாயம் கேட்க வேண்டும். அடக்கம் என்றால், மேலே சொன்ன 12,215 ரூபாய் கைக்கு வராது. ஏறத்தாழ இன்னும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் குறையும். ஓய்வூதியம் பெற 10 ஆண்டுப் பணிக்காலம் வேண்டும், நிரந்தர ஊழியருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடைக்க 5 ஆண்டுத் தொடர்பணி வேண்டும் என்பதால், இரண்டு ஆண்டுகளில் திருமணமாகியோ வெளிநாட்டுக்கோ போய்விடும் எண்ணம் உள்ளவர்கள் இவ்விரண்டையும் இன்றைய வருமானத்தோடு கூட்டிப் பார்க்கக் கூடாது.

தகுதிகாண் காலம் எத்தனை மாதம், அந்தக் காலத்தில் விடுப்பு உண்டா, வார விடுமுறை ஞாயிறா அல்லது மாறி மாறி வருமா என்பதையும் கேளுங்கள். கடை வேலை என்றால், நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பும் வார விடுமுறையும் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்திலேயே உள்ளன. அந்தச் சட்டத்தில் 2021-ஆம் ஆண்டு செய்த திருத்தத்தின்படி ஊழியர்கள் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும். வேலை கேட்டுப் போகும் கடையில் நிற்கும் பெண்களுக்குப் பின்னால் ஒரு முக்காலியாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாத இடத்தில் மற்ற வாக்குறுதிகளையும் சற்றுச் சந்தேகத்தோடு அணுகுவது நல்லது.

திரும்பக் கிடைக்கும் வேலையும் கிடைக்காத வேலையும்

பணக் கணக்கு முடிந்த பிறகு, அதே தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொரு பகுதிநேர வேலைக்கும் எதிரே இரண்டு வரிகள் எழுதுங்கள்: இந்த வேலை யாருடைய நம்பிக்கையில் என்னிடம் வந்தது, ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் போனால் அந்த இடம் இருக்குமா. நான் இந்தப் பகுதிக்குப் பணக் கணக்கைவிட அதிக எடை கொடுப்பேன், ஏனெனில் இந்தக் கரையில் பகுதிநேர வேலைகளில் பெரும்பாலானவை விளம்பரம் பார்த்துக் கிடைத்தவை அல்ல.

மீன் கம்பெனிக்காக ஏலக்கூடத்தில் கணக்கு எழுதும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன்பே படகுகள் வந்து, மீன் பெட்டிகள் இறங்கி, எடை போடப்போட, நோட்டில் படகின் பெயர், மீனின் வகை, கிலோ, விலை என்று வரிசையாக எழுத வேண்டும்; ஒவ்வொரு சம்மாட்டியும், அதாவது படகு உரிமையாளரும், கம்பெனியில் வாங்கியிருக்கும் முன்பணத்துக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்பது கடைசிக் கட்டத்தில் வரும். அந்தக் கடைசிக் கட்டத்தில் ஒரு எண் தவறினாலும் இரண்டு குடும்பங்களுக்கிடையே பேச்சு நின்றுவிடும். யாருக்கு எவ்வளவு கடன் என்பது அந்த நோட்டை எழுதுகிறவருக்குத் தெரியும், அவர் அதை வெளியே சொல்லமாட்டார் என்பதும் ஊருக்குத் தெரியும். இந்த நம்பிக்கை சில ஆண்டுகளில் உருவானது. வேறொருவர் அந்த இடத்தில் உட்கார்ந்து பழகிவிட்டால், அவரை எழுப்பிவிட்டு உங்களை உட்கார வைக்க எந்தக் கம்பெனிக்காரரும் விரும்பமாட்டார். ஆகவே இதைத் திரும்பக் கிடைக்காத வேலை என்றே எழுதுங்கள். அப்படி எழுதியதனாலேயே விடக்கூடாது என்று பொருளில்லை. முழுநேர வேலை தவறிப்போனால் ஆண்டுக்கு 50,000 ரூபாய் நிரந்தரமாகக் குறையும் என்பதை அறிந்தே விடுகிறீர்கள் என்று பொருள்.

டியூஷன் வேறு வகை. ஒரு ஆண்டு நிறுத்திவிட்டு ஜூன் மாதத்தில் மறுபடி தொடங்கினால் பிள்ளைகள் வருவார்கள், நீங்கள் அரைகுறையாக விட்டுப் போகாதவராக இருந்தால். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு கைவிட்டுப் போனவரிடம் அந்தத் தெருவில் யாரும் திரும்ப அனுப்பமாட்டார்கள். தையல் மூன்றிலும் எளிதானது; இயந்திரம் வீட்டில் இருக்கிறது, துணி தருகிறவர்களும் அக்கம்பக்கத்தவர்கள்.

கடல்பாசித் தெப்பம் கூட்டு வேலை. நீங்கள் விலகினால் உங்களோடு சேர்ந்தவர்கள் உங்கள் பங்கு உழைப்பையும் சுமக்க வேண்டியிருக்கும்; சுற்றின் நடுவில் விலகுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். அறுவடை முடிந்த பிறகே விலக வேண்டும், அல்லது உங்கள் இடத்தில் நாத்தனாரையோ தங்கையையோ கூட்டாளிகளின் சம்மதத்தோடு சேர்த்துவிட வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுவில் ஊக்குநராகவோ பொறுப்பாளராகவோ இருப்பவர்கள், வாரக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற உறுப்பினர்கள் ஒப்புக்கொள்கிறார்களா என்று முதலில் கேட்கலாம். ஒப்புக்கொள்ளவில்லை என்றால், பதிவேடுகளையும் வங்கிப் புத்தகத்தையும் கூட்டத்திலேயே எண்ணிக் காட்டி ஒப்படைத்து, தீர்மானத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முன்பணம் வாங்கியிருப்பவர்கள் அதை முதலில் எழுத வேண்டும். மகளின் காதணி விழாவுக்கோ வீட்டுக் கூரைக்கோ கம்பெனியில் அட்வான்ஸ் வாங்கி, வாரா வாரம் வேலையில் கழித்துக்கொண்டிருப்பவர்கள் இந்தப் பகுதியில் ஏராளம். முழுநேர வேலைக்குப் போகும் நாளில் அந்தப் பாக்கி மொத்தமாகக் கேட்கப்படலாம். எத்தனை மாதத்தில், எவ்வளவு வீதம் திருப்பித் தருவீர்கள் என்று நேரில் பேசி, நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்திட்ட பிறகே விலக வேண்டும்.

எதை உடன் வைத்துக்கொள்ளலாம்

எல்லாவற்றையும் விட வேண்டியதில்லை. நேரம் கட்டுப்படுத்தாத வேலைகளையும் வார விடுமுறைக்குள் அடங்கும் வேலைகளையும் வைத்துக்கொள்ளலாம். மண்டபத்துப் பெண்ணின் எடுத்துக்காட்டில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் ஞாயிறு டியூஷன், பண்டிகைத் தையல் ஆகியவற்றை முழுநேர வேலையோடு நடத்த முடியும். கம்பெனியின் மூன்று காலைகளில் ஞாயிறு ஒன்றாக இருந்தால், அந்த ஒரு காலையை மட்டும் வைத்துக்கொள்ளும்படி கேட்டுப் பார்க்கலாம். மற்ற இரண்டு நாட்களுக்கு ஆள் பழக்கித் தருவதாகச் சொன்னால் பல கம்பெனிகள் ஒப்புக்கொள்ளும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இப்படி நிரப்பிவிட்டு ஏழு நாளும் ஓடுவது சில மாதங்களுக்கு மேல் உடம்புக்குத் தாங்காது. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள் என்பேன்.

வேலைக் கடிதத்தில் ‘வேறு பணி செய்யக்கூடாது’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், டியூஷனுக்கோ காப்பீட்டு முகவர் வேலைக்கோ எழுத்தில் அனுமதி கேளுங்கள், வாய்ச்சொல் போதாது. அரசுப் பணி என்றால் முன் அனுமதியின்றி வேறு வருமானம் தரும் வேலை செய்ய விதிகள் இடம் தரா. நண்டு, இறால் பதப்படுத்தும் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள், ஒரே நாளில் இரண்டு தொழிற்சாலைகளில் வேலை செய்வதைச் சட்டம் நெடுங்காலமாகவே அனுமதிப்பதில்லை என்பதை அறிந்திருக்க வேண்டும்.

நலத்திட்டங்களும் கணக்கில் வரும். மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய் பெறும் குடும்பத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம், 14,000 சம்பளம் ஆண்டுக்கு 1,68,000 ஆகும், கணவரின் வருமானத்தோடு சேரும்போது வரம்பைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். மீன்பிடித் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் என 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினராக இருந்து சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் பணம் கட்டுகிறவர்கள், மாதச் சம்பள வேலைக்குப் போனால் உறுப்பினர் தகுதி என்னவாகும் என்று சங்கச் செயலரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

சேரும் நாளும் ஒப்படைக்கும் முறையும்

முடிவு எடுத்தாயிற்று என்றால், சேரும் தேதியைப் பேசிப் பெறுங்கள். மீன் கம்பெனி வேலையில் இருப்பவர்களுக்குத் தடைக்காலமே விலகுவதற்கு உகந்த காலம். புதிய ஆளைப் பழக்கவும் பழைய பாக்கிகளை நேர் செய்யவும் அவகாசம் இருக்கும். டியூஷன் எடுப்பவர்களுக்கு ஏப்ரல், மே. இவை இரண்டும் ஒரே காலத்தில் வருவதால், பிப்ரவரியில் வேலை கிடைத்தவர் ஏப்ரல் இறுதியில் சேர்கிறேன் என்று கேட்டுப் பார்ப்பதில் இழப்பில்லை. மறுத்தால், இரண்டு வாரமாவது கேளுங்கள்.

கம்பெனிக்காரரிடம் பிறர் சொல்லித் தெரியவிடாமல் நீங்களே போய்ச் சொல்லுங்கள். “அண்ணே, ராம்நாட்ல எனக்கு மாசச் சம்பளத்துல வேலை கெடைச்சிருக்கு. தடைக்காலம் முடியுறதுக்குள்ள இன்னொரு பிள்ளைய நோட்டு எழுதப் பழக்கிவிட்டுட்டுத்தான் போவேன்” என்று சொன்னவருக்கு, பின்னாளில் ஒரு கையெழுத்தோ ஓர் உதவியோ தேவைப்படும்போது அந்த வாசல் மூடியிராது. டியூஷன் பிள்ளைகளின் தாய்மார்களிடமும் இதே போல முன்கூட்டியே சொல்லி, எந்தப் பாடம் எதுவரை நடந்திருக்கிறது என்பதை எழுதிக் கொடுங்கள்.

எளிதில் திரும்பக் கிடைக்கும் வேலைகளை முதலில் நிறுத்துங்கள். திரும்பக் கிடைக்காததைக் கடைசியில். ஏலக்கூட வேலையை ஒரேயடியாக விடாமல், தகுதிகாண் காலத்துக்கு மட்டும் தங்கையையோ நம்பிக்கையான தோழியையோ உங்கள் இடத்தில் எழுத வைக்கக் கம்பெனிக்காரர் ஒப்புக்கொண்டால், அந்த மாதங்களின் கூலி முழுவதும் எழுதுகிறவருக்கே சேரட்டும்.

வேலையில் சேர்ந்ததும் வைப்பு நிதிக் கணக்கின் நிரந்தர எண்ணாகிய யு.ஏ.என்.னையும் இ.எஸ்.ஐ. எண்ணையும் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதச் சம்பளத்துக்கான பங்களிப்பை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் நிறுவனம் செலுத்தியாக வேண்டும். கைபேசியில் அரசின் உமங் செயலி வழியாக உங்கள் வைப்பு நிதிக் கணக்கை நீங்களே பார்க்கலாம். சம்பளத்தில் பிடித்த தொகை அங்கே ஏறியிருக்கிறதா என்று முதல் மாதமும் இரண்டாம் மாதமும் பாருங்கள். ஏறவில்லை என்றால் கணக்குப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். இரண்டு மாதப் பதிவையும் கண்ணால் பார்த்த பிறகே, கம்பெனியில் உங்களுக்காக வைத்திருக்கும் இடத்தை முழுமையாக விட்டுக்கொடுங்கள்.